வீடு குவிந்து கிடக்கிறது, எழும்ப மனமில்லை: எந்தப் பழுதுக்கு எதைப் பார்ப்பது

எங்கள் வீட்டுக்காரர் தண்ணி மோட்டர் திருத்துபவர். தண்ணி இழுக்கவில்லை என்று யாராவது கூப்பிட்டால், போனவுடனே மோட்டரைக் கழற்ற மாட்டார். முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார். அப்புறம் கரண்ட் வருகிறதா, குழாயின் அடியில் இருக்கிற புட்வால்வில் பாசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்ளே சுருள் எரிந்துவிட்டது என்பது கடைசிக் கணக்கு, காசு கூடின கணக்கு.

வீடு குவிந்தால் நாங்கள் இதற்கு நேர்மாறு. கதிரையில் நாலு நாள் உடுப்பைக் கண்டதும் "நான் ஒரு சோம்பேறி" என்று எடுத்த எடுப்பிலேயே சுருளில் கை வைத்துவிடுகிறோம்.

எனக்கு மூன்று பிள்ளைகள். இலங்கையின் வடக்கில், விசுவமடுப் பக்கம் வீடு. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது எங்கள் வீடு இந்த நிலைக்கு வரும். என் தங்கச்சி வீடு, மாதர் சங்கத்தில் பழகியவர்களின் வீடுகள் என்று போய் உதவியதிலும் திரும்பத் திரும்ப அதே பழுதுகள்தான். உங்கள் வீட்டில் எது கண்ணை உறுத்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க வேண்டாம்.

## அறிகுறி: தோய்த்த உடுப்பு கதிரையை விட்டு இறங்கவில்லை

மடிக்கத் தொடங்க முன்னம் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஒருக்கால் போட்ட உடுப்புதான் கூட என்றால்: அழுக்குக் கூடைக்கும் போகாது, அலுமாரிக்கும் போகாது. அதுதான் கதிரையைப் பிடிக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒரு பலகைத் துண்டில் ஐந்தாறு ஆணி அடித்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு ஆணி. எங்கள் வீட்டில் பாதி மலை அன்றைக்கே இறங்கியது.

தோய்த்துக் காய்ந்தது கூட என்றால்: வைக்க இடமில்லை. யுத்தம் முடிந்த பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குத் தந்தது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. அது சுவருக்கும் கூரைக்குமே இழுபறி, தட்டுக்கும் அலுமாரிக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கூடை போதும், கடை மட்டைப் பெட்டியானாலும் சரி. வீட்டுக்குப் போடும் உடுப்பை மடிக்கவே வேண்டாம், அவரவர் கூடைக்குள் போடுங்கள். மடிப்புக் குலையக் கூடாதது பள்ளிக்கூட உடுப்பு மட்டும்தான், அதைத் தனியே தொங்கவிடுங்கள். மாமி முதலில் முகத்தைச் சுளித்தார். இப்போது அவருக்கும் ஒரு கூடை இருக்கிறது.

யாருக்கும் அளவில்லாதது கூட என்றால்: வெளிநாட்டுப் பாசல். கனடாவிலிருந்து வந்த குளிர் ஜக்கற்றுகள் நாலு எங்கள் வீட்டில் ஐந்து வருஷம் கிடந்தன, கிளிநொச்சி வெயிலில். அனுப்பியவர் மனம் நோகும் என்று கொடுக்கவும் இல்லை. கடைசியில் ஒன்றின் கையை வெட்டிப் பார்த்தால் உள்ளே நல்ல பஞ்சு. இரண்டு தலையணை ஆனது. படத்தை எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், சிரித்துவிட்டு அடுத்த முறை சவர்க்காரம் அனுப்பினார்.

கார்த்திகை, மார்கழி என்றால்: இது பழுதே இல்லை, மழை. விறாந்தைக்குள் ஒரு கொடி கட்டி, பள்ளிக்கூட உடுப்பையும் உள்ளுடுப்பையும் மட்டும் தோயுங்கள். மற்றது தைப் பொங்கலுக்குப் பிறகு. மாசி, பங்குனியில் அறைக்குள் நெல் மூட்டை அடுக்கியிருந்தாலும் இதே கதைதான். அறுவடை முடியும்வரை வீட்டைத் திட்டாதீர்கள்.

அலுமாரி வாங்குவது கடைசி வழி. வாங்கத்தான் வேண்டுமென்றால் இரும்பில் வாங்குங்கள். அமுக்கின பலகையில் செய்தது ஒரு மாரிக்கு ஊதும், அடுத்த மாரிக்குக் கறையான் பிடிக்கும்.

உடுப்புக் குவியல் நிலத்தில், மூலையில் கிடந்தால் மட்டும் ஒத்திப்போட வேண்டாம். எலி குடியேறும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும். இரவில் நிலத்தில் பாய் போட்டுப் படுப்பவரை கட்டுவிரியன் தீண்டினால் பல நேரம் வலியே தெரியாது. விடிய வயிற்று நோ, கண் இமை தூக்க ஏலாது என்று வரும். கடித்த தடம் தேடி நேரத்தை விடாமல் 1990 இலக்கத்தில் அம்புலன்சைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பார்வை பார்ப்பது, மருந்து கட்டுவது எல்லாம் அதற்குப் பிறகு.

## அறிகுறி: குசினியில் பாத்திரம் மலிந்துவிட்டது

குசினியிலிருந்து தண்ணிக் குழாய்வரை காலடியை எண்ணிப் பாருங்கள். தங்கச்சி வீட்டில் நாற்பத்தி இரண்டு. அவள் பாத்திரம் கழுவப் பஞ்சிப்படவில்லை, ராத்திரி எட்டு மணிக்கு இருட்டுக்குள் நாற்பத்தி இரண்டு அடி போகப் பயப்பட்டாள். வெளியில் ஒரு பல்ப் போட்டதோடு பாதிப் பழுது போய்விட்டது.

பல்ப் இருந்தும் குவிகிறதா? பாத்திரத்தை எண்ணுங்கள். ஐந்து பேருக்கு இருபத்தி மூன்று கோப்பை வெளியில் இருந்தால் இருபத்தி மூன்றும் ஊத்தையான பிறகுதான் கழுவுவோம். ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு குவளை. மிச்சத்தைத் திவசம், பொங்கல் வரும்வரை பெட்டிக்குள் வையுங்கள்.

விறகடுப்பில் கரிதான் தொல்லை என்றால், அடுப்பில் ஏற்ற முன்னம் பானையின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசுங்கள். கரி அந்தப் பூச்சில் பிடிக்கும், கழுவும்போது அதோடு வழன்று வரும். என் அம்மம்மா செய்தது. நான் பத்து வருஷம் பொச்சு போட்டுத் தேய்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இடுப்பு நோவால் குந்தியிருந்து கழுவ முடியவில்லை என்றால் இடுப்பளவு உயரத்தில் ஒரு கட்டு வேண்டும். நாலு கல்லும் ஒரு பலகையும் வைத்து ஒரு மாதம் பாருங்கள். சரிவந்தால் மட்டும் மேசனைக் கூப்பிட்டுச் சீமெந்தில் கட்டுங்கள்.

## அறிகுறி: ஒதுக்கின வீடு பின்னேரத்துக்குள் பழையபடி

வைகாசிக்குப் பிறகு சோளகம் அடிக்கும் மாதங்களில் இது புழுதி. காற்று வரும் பக்கத்து யன்னலை மத்தியானம் சாத்துங்கள், வாசலில் ஈரச் சாக்குப் போடுங்கள், ஒரு நேரம் மட்டும் கூட்டுங்கள். மூன்று நேரம் கூட்டினாலும் அதே புழுதிதான்.

புழுதி இல்லை, ஆட்கள்தான் காரணம் என்றால், பொருட்களின் இடம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்காரர் ஒரு ஸ்குருவைக்கூட எந்த ரின்னில் போட்டேன் என்று மறக்க மாட்டார். ஆனால் சாரத்தை எங்கே வைப்பது என்று பதினாறு வருஷமாகத் தெரியாது. அவருக்கும் அவருடைய ரின் போல ஒரு கூடை கொடுத்தேன். திருத்தம் அவ்வளவுதான். முழுசாக வேலை செய்கிறது என்று சொல்ல மாட்டேன்.

## அறிகுறி: எறிய எடுத்தால் கை வரவில்லை

இந்த ஊரில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். வெளியூர்க்காரர் சொல்லும் யோசனை எதுவும் இதற்குப் பொருந்தாது.

கடைசி யுத்தத்தில் ஒரு உழவு இயந்திரப் பெட்டி நிறைய வீட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். தர்மபுரத்தில் கட்டிலை விட்டோம். விசுவமடுவில் தையல் மெசினை விட்டோம். புதுக்குடியிருப்பு தாண்டி மாத்தளன் போய்ச் சேரும்போது கையில் ஒரு சொப்பிங் பை. 2009இல் செட்டிகுளம் முகாமில், வெறும் பால்மா ரின் ஒன்று வைத்திருந்தவர் வசதியானவர். அதில்தான் தேத்தண்ணி, அதில்தான் குழந்தைக்குக் கஞ்சி. அப்படி வந்த ஒருவரிடம் "ஒரு வருஷம் பாவிக்காததை எறியுங்கோ" என்று சொன்னால் அவர் வாயைத் திறக்க மாட்டார், ஆனால் எறியவும் மாட்டார்.

மாமியிடம் மீள்குடியேறும்போது தந்த தறப்பாள் ஒன்று இருக்கிறது. ஓரத்து வளையங்கள் துருப்பிடித்து, வெள்ளை நிறம் பழுப்பாகிவிட்டது. போன வருஷம் கட்டிலுக்குக் கீழே கூட்டப்போய் இழுத்தேன், மடிப்புக்குள் எலிக்குஞ்சு. இனி எரிக்கலாம் என்று நினைத்தேன். மாமி ஒன்றும் பேசவில்லை. முற்றத்தில் விரித்து, சவர்க்காரத் தண்ணி ஊற்றித் தேய்த்து, இரண்டு நாள் காயவிட்டு, மூலைக்கு மூலை பிடித்து என்னையே மறுபக்கம் பிடிக்கச் சொல்லி மடித்தார். "இது இருந்தால் எந்த மரத்துக்குக் கீழேயும் இருக்கலாம் பிள்ளை" என்றார். பழையபடி கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. இப்போது ஒரு உரப்பைக்குள், வாய் கட்டி.

ஆகவே எறிவதா வேண்டாமா என்று தொடங்காதீர்கள். முதலில் எந்த வகை என்று பிரியுங்கள்.

வெறும் ரின், போத்தல், ஐஸ்கிரீம் டப்பா: ஒரு உரப்பை. அது நிறையும்வரை சேர்க்கலாம். நிறைந்தால் பழைய இரும்புக்காரர் வரும் நாளில் புதியது வேண்டுமா பழையது வேண்டுமா என்று நீங்களே தெரியலாம். பை ஒன்றுதான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கொப்பி, புத்தகம்: வருஷ முடிவில் பிள்ளையையே தெரிய விடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒன்று. எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்தால் அடுத்த தவணைக்குக் கணக்குக் கொப்பி.

ஆவணம்: எறியவே கூடாது, ஆனால் இப்போது இருக்கிற இடத்திலும் இருக்கக் கூடாது. 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் ஏறியபோது நனைந்தவை பெரும்பாலும் கட்டிலுக்குக் கீழே ரங்குப் பெட்டியில் இருந்தவை. பிறப்புச் சான்றிதழ், காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, முகாமில் தந்த பதிவுத் துண்டு எல்லாவற்றையும் தண்ணி புகாத ஒரே பையில் போட்டு, தலைக்கு மேலே ஆணியில் தொங்கவிடுங்கள். ஓட வேண்டி வந்தால் என்ற பயத்துக்கும் இதுதான் நல்ல மருந்து. பயத்தில் பாதி அந்தப் பைக்குள் போய் அடங்கிவிடும்.

இப்போது எங்களோடு இல்லாதவரின் பொருள்: ஒரு சேட், ஒரு பள்ளிக்கூட ரை, சைக்கிள் திறப்பு. இது குப்பைக் கணக்கில் சேராது. இடம் பிடிக்கிறது என்று யாரும் சொன்னால் அவரைக் குசினிக்கு அனுப்பிப் பாத்திரம் கழுவ விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது பாதுகாப்பு மட்டும். பெட்டியை இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள், கறையான் நிலத்திலிருந்துதான் ஏறும். வருஷத்துக்கு ஒருக்கால் பங்குனி வெயிலில் விரித்து எடுங்கள், காய்ந்த வேப்பிலை போடுங்கள். தனியே திறக்க வேண்டாம், ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த பிறகு நாட்கணக்கில் எழும்ப முடியாமல் போகிறது என்றால் கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி: வீட்டுக்குள் சரி, முற்றமும் கோடியும் குப்பை

சிரட்டை, டயர், யோகட் கோப்பை என்று தண்ணி நிற்கிற சாமான்தான் அவசரம், மற்றது பொறுக்கும். நுளம்பு முட்டை இட்டு அது நுளம்பாகப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் எடுக்கும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளைகளிடம் ஒரு உரப்பையைக் கொடுத்து ஒரு சுற்று வரச் சொன்னால் போதும். ஐப்பசி மழைக்கு முன்னம் தொடங்குங்கள்.

பிரதேச சபை உழவு இயந்திரம் வராத உள்ளூர் என்றால் கிடங்கு வெட்டித் தாழ்ப்போம், அல்லது கொளுத்துவோம். இதில் ஒரு எச்சரிக்கை. எப்போதும் எரிக்கிற இடத்தை விட்டுப் புது இடத்தில் நெருப்பு வைக்காதீர்கள். எங்கள் நிலத்துக்குள் கண்ணிவெடியோ வெடிக்காத குண்டோ என்ன கிடக்கிறது என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது. மண்வெட்டியில் புது மாதிரி இரும்பு பட்டால் வெட்டுவதை நிறுத்துங்கள், தொடாதீர்கள், வந்த அடியிலேயே திரும்புங்கள். பிள்ளைகளைத் தள்ளி வைத்துவிட்டு பொலிசின் 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

## அறிகுறி: என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், எழும்ப மனமில்லை

மேலே சொன்னதெல்லாம் வீட்டின் பழுது. இது ஆளின் பழுது, ஆனால் குணத்தின் பழுது இல்லை. "அக்கா, எனக்கு எழும்பவே ஏலாமக் கிடக்கு" என்று யாராவது சொன்னால் நான் இந்த வரிசையில்தான் கேட்பேன்.

எத்தனை மணித்தியாலம் படுத்தீர்கள்? கைக்குழந்தை உள்ள வீடு, காட்டோரத்தில் யானைக்குக் காவல் இருக்கிற வீடு என்றால் கேள்வியே தேவையில்லை. ஒரு கிழமை பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு மத்தியானம் படுங்கள். ஒதுக்க அல்ல, படுக்க.

விடியச் சாப்பிட்டீர்களா? வெறுந்தேத்தண்ணியில் பதினொரு மணிவரை ஓடுகிற அம்மாக்கள் இங்கே ஏராளம். ஒரு துண்டு புட்டு மிச்சம் இருந்தால் அதை நாய்க்கு வைக்க முன்னம் நீங்கள் சாப்பிடுங்கள்.

கீழ் இமையை இழுத்துக் கண்ணாடியில் பாருங்கள். உள்ளே வெளிறிப்போய், வாளி தூக்கினால் மூச்சு வாங்கி, மாத விலக்கும் கூடப் போகிறது என்றால் இரத்தம் குறைவாக இருக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கக் காசு இல்லை. கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் குறைவு. குளிசை தந்தால் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள், தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தேசிக்காய்த் தண்ணியோடு எடுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். பத்து நாளில் தெம்பு வந்துவிட்டது என்று நிறுத்தவும் வேண்டாம், நிறுத்தச் சொல்ல வேண்டியவர் டொக்டர். என்னுடைய பழுது இதுதான். இரண்டு வருஷம் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டு திரிந்தேன், அளந்து பார்த்தால் 8.6.

இரத்தம் சரி, ஆனால் உடம்பு ஊதுகிறது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல், எல்லாருக்கும் வியர்க்கும்போது உங்களுக்குக் குளிர்கிறது: தைரொயிட் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு இரத்தப் பரிசோதனைதான்.

குழந்தை பிறந்து கொஞ்ச நாளா? முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் அடங்கும். அதற்கு மேலும் இழுத்தால், குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால், குடும்பநல உத்தியோகத்தரிடம், அதுதான் ஊருக்கு வருகிற மருத்துவமாதுவிடம், சொல்லுங்கள். பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது, அதை நிரப்பிப் பார்த்தே அடுத்தது என்னவென்று சொல்வார்கள்.

குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் எழும்ப முடியவில்லையா? கிழமைக் கடன் கட்டுகிற நாளாக இருக்கும். கடன் வாங்க வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டுப் பின்கதவால் போன அம்மாக்களை எனக்குத் தெரியும். அடித்துத் துன்புறுத்துகிற ஆள் வீட்டில் நிற்கிற நாளாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் கூடை வாங்கிப் பயனில்லை. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

இதில் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு கிழமைக்கு மேலாக எதிலும் பிடிப்பில்லை, நித்திரை இல்லை அல்லது நித்திரை மட்டும்தான், சாப்பாடு இறங்கவில்லை, கோயில் திருவிழாவுக்கும் போக மனமில்லை என்றால் இது நீங்களாகத் திருத்துகிற வேலை இல்லை. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலைக்கோ மாஞ்சோலையில் உள்ள முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலைக்கோ போய் மனநலப் பிரிவைக் கேளுங்கள். போனில் பேசுவதென்றால் தேசிய மனநல உதவி இலக்கம் 1926. செத்துப்போனால் நல்லது என்ற நினைப்பு ஒருக்கால் வந்தாலும் அன்றைக்கே போங்கள், தனியே போக வேண்டாம். அதற்கு முன்னம் வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல்களைப் பக்கத்து வீட்டில் பூட்டி வைக்கக் கொடுத்துவிடுங்கள்.

காட்டப் போகிற நாள் வரும்வரை வீட்டில் மூன்று வேலை மட்டும்: பிள்ளைக்குச் சாப்பாடு, குடிதண்ணி, உங்கள் குளிசை. மற்றது கிடக்கட்டும்.

ஆஸ்பத்திரிவரை போகத் தெம்பில்லை என்றால் குடும்பநல உத்தியோகத்தரை வீட்டுக்கு வரச் சொல்லலாம், அது அவருடைய வேலைதான். அவரிடம் "வீடு குப்பையாக் கிடக்கு" என்று தொடங்காதீர்கள். எத்தனை நாளாக, எத்தனை மணிக்கு நித்திரை முறிகிறது, கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டீர்கள், இந்த மூன்றையும் சொல்லுங்கள். அவர் வருகிறார் என்று விடியவே எழும்பிக் கூட்டி அடுக்கி வைக்கவும் வேண்டாம். கதிரையில் உடுப்பு இருந்தபடியே இருக்கட்டும், அவருக்குப் பாயைப் போடுங்கள்.